கிஃப்டபிள் என்றால் யாருக்கு?

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர்கூட அந்த மேசையைப் பற்றி இதுவரை கேட்கவில்லை. வாசலில் நுழைந்ததும் இடது கைப்பக்கம், சாக்லேட் அலமாரிக்கு முன்னால், ஒரு கால் லேசாக ஆடிக்கொண்டு கிடக்கிறதே, அந்தப் பழைய தேக்கு மேசைதான். எல்லாரும் அதைக் கிஃப்ட் டேபிள் என்கிறீர்கள். அதன் பக்கத்தில் நிற்பவர் வாடிக்கையாளரிடம் முதலில் "யாருக்குங்க?" என்றுதான் கேட்க வேண்டும், "எவ்வளவுல பாக்குறீங்க?" என்று கேட்கக் கூடாது என்றும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஏன் என்று கேட்டிருந்தால், இங்கே அப்படித்தான் வழக்கம் என்று பதில் வந்திருக்கும். வழக்கம் வானத்திலிருந்து குதிக்காது. நான் கவுண்டரை விட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால்தான் ஒத்துழைக்கவில்லை, வாய்க்கு இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எடை போடுவது, பில் அடிப்பது, மலையிறங்கி வெயில் ஊருக்குப் போய்ச் சேரும்வரை சாக்லேட் உருகாமல் கட்டுவது எல்லாம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். அதற்கு நான் வேண்டாம். நான் சொல்லப்போவது ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பற்றி. கிஃப்டபிள். அந்த வார்த்தை நம் கடைக்குள் வந்த விதத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். அது எங்களுக்கு அர்த்தமான விதம் வேறு மாதிரி.

முதலாளி பாயின் மூத்த மருமகள் ஷமீமாவை உங்களுக்குத் தெரியும். இப்போது கடையே அவர் கையில்தான் இருக்கிறது. கல்யாணமாகி வந்து சில வருஷம் வீட்டோடு இருந்தவர், ஒரு நாள் காலையில் பாயுடன் கடைக்கு வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். திருச்சியில் எம்பிஏ படித்தவர் என்று பாய் சொன்னார். ஏன் இத்தனை நாள் வரவில்லை, ஏன் இப்போது வந்தார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. வந்த மாதமே அலமாரியை மாற்றினார், விளக்கை மாற்றினார், யூகலிப்டஸ் தைலத்துக்குப் புது லேபிள் அடித்தார். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. இருபது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த சாமானையெல்லாம் கண்ணைத் திறந்து தேட வேண்டியிருந்தது.

ஒரு நாள் வீட்டிலிருந்து போன் செய்தார். நம் கடை இருக்கும் ஏழு ரோட்டில் அன்றைக்கு மழை, லைனில் கரகரப்பு.

"ராசாத்திக்கா, வாசல்ல நொழஞ்சதும் கிஃப்டபிள் இருக்கணும்க்கா. மத்ததெல்லாம் உள்ள போகட்டும். நாளைக்கு வெள்ளனே வந்து பாக்குறேன்."

நான் பேக்கிங் அண்ணனிடம் போய், வாசலில் கிஃப்ட் டேபிள் போட வேண்டுமாம் என்றேன். அவர் யோசித்துவிட்டு, "பாய் வீட்டுல ஏதோ விசேசம் போல. நம்மகிட்ட இன்னும் சொல்லல" என்றார். கல்யாண மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, வருகிறவர்கள் கொடுக்கும் டப்பாக்களை வாங்கி அடுக்குவார்கள் இல்லையா, அது எங்கள் மனதில் வந்துவிட்டது. குடோனில் சாக்குக்கு அடியில் கிடந்த இந்தத் தேக்கு மேசையை இரண்டு பேரும் இழுத்து வந்தோம். துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, நடுவில் ஒரு உருளியில் தண்ணீர் ஊற்றி மல்லிகைப்பூவை மிதக்கவிட்டோம். மேசையில் வேறு ஒன்றும் வைக்கவில்லை. கிஃப்ட் கொண்டுவருகிறவர்களுக்கு இடம் வேண்டாமா?

மறுநாள் ஷமீமா வந்து நின்று பார்த்தார்.

"என்னக்கா இது?"

"நீங்கதானம்மா கிஃப்ட் டேபிள் போடச் சொன்னீங்க. என்ன விசேசம்னுதான் சொல்லல."

அவருக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. பிறகு சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை, கல்லாவைப் பிடித்துக்கொண்டு. அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு வந்த எரிச்சலெல்லாம் அந்தச் சிரிப்பில் போய்விட்டது. சிரித்து முடித்ததும் உருளியை மட்டும் தள்ளிவைத்தார்.

"மேச நல்லாத்தான் இருக்கு, கெடக்கட்டும். இந்தப் பூவ மட்டும் வெளிய வச்சிருங்கக்கா. மல்லி வாசன எனக்கு ஒத்துக்கறதில்ல."

அப்புறம்தான் அர்த்தம் சொன்னார். "கிஃப்டபிள்னா, பரிசாக் குடுக்கத் தோதா இருக்கறதுக்கா. வாஷபிள்னா தொவைக்கலாம், பிரேக்கபிள்னா ஒடஞ்சிரும்னு சொல்றோம்ல, அந்த மாதிரி."

தோதான. அது எனக்கு உடனே பிடித்துக்கொண்டது. தோதான என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே எதற்கு என்ற கேள்வி நிற்கும். கிஃப்டபிளுக்குப் பக்கத்தில் அப்படி எதுவும் நிற்பதாகத் தெரியவில்லை. தங்க நிறத்தில் வட்டமாக ஒரு ஸ்டிக்கர் அடித்து வந்தது. எந்தப் பொருளில் அது இருக்கிறதோ அந்தப் பொருளை யாரும் யாருக்கும் கொடுக்கலாம் என்ற மாதிரி ஆகிவிட்டது.

வியாபாரம் ஏறியது, அதை மறைக்க மாட்டேன். பெங்களூர்க்காரர்கள் உள்ளே வரும்போதே "கிஃப்டபிளா ஏதாச்சும் குடுங்க" என்றுதான் வந்தார்கள். அவர்கள் அவசரத்தைப் பார்த்தாலே தெரியும், கைக்கு ஒரு பை வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஸ்டிக்கர் ஒட்ட உட்கார்ந்தால் எனக்கும் ஷமீமாவுக்கும் தினமும் ஒரு வழக்கு நடக்கும். சீஸ் பெட்டியில் ஒரு சின்னக் கத்தி வைத்து அழகாகக் கட்டியிருந்தார். நிச்சயதார்த்தத்துக்குக் கொண்டு போகிறோம் என்று ஒரு மதுரைக் குடும்பம் அதை எடுத்தது. நான் பில் போடுவதற்கு முன்னால் கத்தியை எடுத்துவிட்டேன். உறவு சேருகிற இடத்துக்குக் கத்தியைக் கொண்டு போவார்களா? தைலத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டலாமா என்று இன்னொரு நாள். எண்ணெயை அன்பளிப்பாகக் கையில் கொடுக்க மாட்டார்கள் என்று நான் சொன்னேன். "கால் வலிக்கிற அம்மாவுக்கு மகன் தைலம் வாங்கிக்கிட்டுப் போறானேக்கா, அவன்கிட்டப் போய் இது குடுக்கக் கூடாததுன்னு சொல்லுவீங்களா?" என்று அவர் கேட்டார். அவர் பேசியது நியாயம்.

பூண்டு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் வழக்கு இல்லை. எனக்குப் பிறந்த ஊர் வடகவுஞ்சி. மலைப்பூண்டு விளையும் வீட்டில் வளர்ந்தவள். பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு கொத்து மலைப்பூண்டைக் கொண்டு போனால் அதற்கு மேல் எதுவும் வேண்டாம் எங்கள் ஊரில். பால் சுரக்கும் என்பார்கள். ஷமீமா அதைக் கேட்டுவிட்டு ஒரு பெட்டியே செய்தார். மலைப்பூண்டு, சுக்கு, தாண்டிக்குடித் தேன், பிள்ளைக்குக் கம்பளியில் பின்னிய ஒரு ஜோடி காலுறை. மூடியில் ஒரு தொட்டில் படம். படத்தை அவரே வரைந்தார். பல நாள் வரைந்து, அழித்து, மறுபடி வரைந்தார். ஒரு தொட்டிலுக்கு இத்தனை பாடா என்று நான்கூடக் கிண்டல் செய்தேன். தொட்டில் பெட்டி என்றுதான் கடையில் அதற்குப் பேர். தங்க ஸ்டிக்கர் அதற்குத்தான் சரியாகப் பொருந்துகிறது என்று எல்லாரும் நினைத்தோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மே மாதம், சீசன் கூட்டம். ஜீப் ஓட்டும் தங்கராசு மதியம் கடைக்கு வந்தார். தாண்டிக்குடிக்காரர். டூரிஸ்ட்டுகளைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே வந்து எங்களைக் கேலி செய்துவிட்டுப் போகிறவர். சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டே பேசுவார். அன்றைக்கு அவருக்கே ஒரு பொருள் வேண்டியிருந்தது.

"அக்கா, தொட்டில் பெட்டி ஒன்னு குடுங்க. தங்கச்சி சுகன்யாவுக்குப் பிள்ள பொறந்திருக்கு, பெரியகுளத்துல. எட்டு மாசத்துலயே வந்துருச்சு. ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க. பால் பத்தலயாம். அவளே போன்ல சொல்றா, அண்ணே, மலப்பூண்டு வாங்கிட்டு வாண்ணேன்னு."

"வெறும் பூண்டு போதாதா?" என்றேன்.

"மொதப் பிள்ளக்கா. தாய்மாமன் நான். சும்மா மஞ்சப்பையில போட்டா கொண்டு போவேன்?"

இரண்டு நாள் வாடகை ஓட்டம் இருந்தது, முடித்துவிட்டு அடுக்கம் வழியாக இறங்கினால் வெரசாகப் போய்விடலாம் என்றார். நானே நல்ல பூண்டாகப் பொறுக்கிப் போட்டுக் கட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் மேசைக்குப் பக்கத்தில் நிவேதா நின்றாள். இன்றைக்கு உங்களுக்கெல்லாம் சூப்பர்வைசர். அன்றைக்கு அவளுக்கு அது முதல் சீசன். தொட்டில் பெட்டி அத்தனையும் தீர்ந்துபோயிருந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, மாசமாக இருந்த மகளையும் கூட்டிக்கொண்டு, அந்தப் பெட்டிதான் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். இல்லை என்று நிவேதா சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் தங்கராசு உள்ளே வந்து பெட்டியை மேசையில் வைத்தார்.

"என்னண்ணே, மாத்தணுமா?" என்றாள் நிவேதா.

"இத எடுத்துக்கம்மா."

"கிஃப்டபிள் ஐட்டம் திருப்பி எடுக்க மாட்டோம்ணே. போர்டு போட்டிருக்கு பாருங்க."

"ரூவா வேணாம். எடுத்துக்க மட்டும் செய்யி."

கோயம்புத்தூர் அம்மா திரும்பிப் பார்த்தார். "இந்தா இருக்கே! இல்லைங்கிறீங்க? அத எங்களுக்குப் போடுங்க." நிவேதாவின் முகம் மலர்ந்துவிட்டது. பாவம், அவளைக் குறை சொல்ல முடியாது. ஒருவருக்கு வேண்டாத பொருளை இன்னொருவர் கேட்கிறார், வியாபாரத்தில் இதைவிட நல்ல நேரம் வருமா? பெட்டியை எடுத்து அந்தப் பெண்ணை நோக்கி நீட்டினாள்.

நான் கல்லாவுக்குப் பக்கத்திலிருந்து தங்கராசுவைப் பார்த்தேன். சாவிக்கொத்து கையில் இல்லை. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண் அந்தப் பெட்டியையும் விடவில்லை, அந்தப் பெண்ணின் வயிற்றையும் விடவில்லை. என்ன நடந்திருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஓடிப்போய், அந்தப் பெண்ணின் கை படுவதற்குள் பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

"இது வித்த பெட்டிம்மா. மன்னிச்சுக்கங்க."

"வித்ததுன்னா எதுக்கு டேபிள்ல வைக்கிறீங்க? நாங்க என்ன சும்மாவா கேக்குறோம்?"

"அட்ரஸ் குடுத்துட்டுப் போங்கம்மா, புதுசாக் கட்டி வீட்டுக்கே அனுப்பி வைக்கிறேன். இது வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அந்தப் பூண்டில் ஒரு குறையும் இல்லை. பூண்டுக்கு என்ன தெரியும்? ஆனால் காரணத்தைச் சொன்னால் வயிற்றில் பிள்ளையோடு நிற்கிற பெண்ணின் மனதில் ஒரு பயம் விழும். சொல்லாமல் கொடுத்தால் ஒரு தாய்மாமன் கண்ணெதிரே அவன் தங்கைக்கு வாங்கியது இன்னொரு பிள்ளைக்குப் போகும். இரண்டையும் செய்ய முடியாது. "எனக்குப் புத்தி வேல செய்யலன்னு வச்சுக்கங்கம்மா" என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பெட்டியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். அந்த அம்மா கோபமாக வெளியே போனார். மரியாதை தெரியாத கடை என்று வாசலில் நின்று சொன்னதும் கேட்டது. அந்தப் பேரை நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். உங்களுக்கும் ஒரு நாள் அப்படி ஒரு பேர் வாங்க வேண்டியிருக்கும், வாங்கிக்கொள்ளுங்கள்.

தங்கராசுவை உள்ளே பேக்கிங் அறைக்குக் கூட்டிப்போனேன். ஷமீமா அங்கே அட்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா தங்கராசு?"

"பிள்ள தங்கலக்கா."

நின்றவாறே சொன்னார். டீ வரவழைத்தேன், தொடவில்லை. முந்தின ராத்திரியே போன் வந்ததாம். இவர் கிளம்புவதற்குள் பிள்ளையை எடுத்து அடக்கமும் செய்துவிட்டார்களாம். தங்கை இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். அம்மா கூட இருக்கிறார்.

"அந்தப் பெட்டிய ரூம்ல வச்சிருக்க முடியலக்கா. தூக்கி எறியவும் மனசு வரல. வேற யாருக்குக் குடுப்பேன்? அதான் இங்கயே கொண்டாந்துட்டேன்."

"நல்லதுதான் செஞ்சே. இங்க கெடக்கட்டும்."

"போகணும்க்கா. போகவும் கால் வரமாட்டேங்குது. அவ கேட்டு வாங்கின சாமான். கைய வீசிக்கிட்டுப் போய் அவ முன்னாடி எப்படி நிப்பேன்? என்னத்தக் கொண்டு போறது, சொல்லுங்க."

"இந்த மாதிரி எடத்துக்கு எதுவும் கொண்டு போகக் கூடாது தங்கராசு. நீ போனாப் போதும். பக்கத்துல போய் உக்காரு."

எங்களுக்குத் தெரிந்த முறை அதுதான். நான் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் அவர் அசையவில்லை. அட்டையைப் பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னார்.

"பிள்ள இருக்கையில பால் பத்தல பத்தலன்னாங்க. இப்ப நெஞ்செல்லாம் கல்லாட்டம் கெடக்காம். காச்சல்ல அனத்துறாளாம். அம்மா போன்ல அழுகுது. எனக்கு ஒன்னும் வெளங்கல."

ஷமீமா மடித்துக்கொண்டிருந்த அட்டையைக் கீழே வைத்தார்.

"ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்கண்ணே?"

"மாத்திர குடுத்திருக்காங்களாம்."

"எப்பக் கெளம்புறீங்க?"

"மேகம் எறங்குறதுக்குள்ள அடுக்கத்தத் தாண்டணும்."

"கொஞ்சம் இருங்க. போயிராதீங்க. அக்கா, இவரப் பாத்துக்கங்க."

தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கூட்டத்துக்குள் ஓடினார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் போகிறார் என்பது மட்டும் ஜன்னல் வழியாகத் தெரிந்தது. சீசன் நேரத்தில் கடையை அப்படியே விட்டுவிட்டுப் போன முதலாளியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. தங்கராசு இரண்டு முறை கிளம்பப் பார்த்தார். இரண்டு முறையும் உட்கார வைத்தேன்.

ஷமீமா திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு பெரிய வாழையிலைப் பொட்டலம். பிரித்துக் காட்டினார். மல்லிகை. நிலக்கோட்டையிலிருந்து காலை பஸ்ஸில் ஏறிவந்த மல்லிகை, தொடுக்காத உதிரிப்பூவாக, ஈரத்தோடு. அறை முழுக்க வாசனை ஏறியது.

தங்கராசு பின்வாங்கினார். "பூவா? அங்க போயி எப்படிங்க பூ?"

"தலைக்கு இல்லண்ணே. அதான் தொடுக்காம வாங்கினேன். அம்மாகிட்டக் குடுங்க. நெஞ்சுல வச்சுத் துணியால கட்டச் சொல்லுங்க. வாட வாட மாத்தணும். கனம் கொறையும், பால் மெதுவா வத்தும். காச்சல் விடலைன்னா சும்மா இருக்காம டாக்டரக் கூப்பிடச் சொல்லுங்க. இது அம்மாவுக்கே தெரிஞ்சதுதான். இந்த நேரத்துல யாருக்கும் எதுவும் ஞாபகம் வராது."

"கட்டினா சரியாயிருமா?"

"வலி கொறையும். மத்தது கொறையாது. போங்க. அவ உங்களத்தான் பாத்துக்கிட்டு இருப்பா."

நான் பழக்கதோஷத்தில் ரிப்பனுக்குக் கை நீட்டிவிட்டேன். கை பாதியில் நின்றது. ஷமீமாவே இலையை மடித்து, வாழை நாரால் கட்டி, வெறும் தாளில் சுற்றிக் கொடுத்தார். தங்கராசு அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனார். ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. கால் வரமாட்டேன் என்கிறது என்று சொன்னவருக்குக் கொண்டு போக ஒரு பொருள் கிடைத்துவிட்டது.

பூக்காரம்மா எத்தனை முழம் என்று கேட்டாராம். உதிரியாக வேண்டும், நிறைய வேண்டும் என்று ஷமீமா சொன்னதும், பேசிக்கொண்டே இருக்கிற அந்த அம்மா வாயை மூடிவிட்டாராம். தன் பங்குக்கு ஒரு கை அள்ளிப் போட்டு, ஒன்றும் கேட்காமல் அனுப்பினாராம். அதைச் சொல்லிக்கொண்டே ஷமீமா தரையில் சிந்திக் கிடந்த பூவைப் பொறுக்கினார்.

"உங்களுக்கு மல்லி வாசன ஒத்துக்காதேம்மா" என்றேன், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"எனக்கும் இதத்தான் கட்டினாங்கக்கா."

பொறுக்கிய பூவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போனவர் தனியாகத் திரும்பி வந்ததும், பாய் அதைப் பற்றிப் பேசாததும், நாங்களும் கேட்காததும் அப்போது எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தன. அந்தத் தொட்டிலை அழித்து அழித்து வரைந்ததும்தான். நான் கிண்டல் செய்ததும்தான். அவர் தோளில் கை வைத்தேன். முதலாளி வீட்டுப் பெண் என்பதெல்லாம் எனக்கு அந்த நேரம் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முகம் கழுவிக்கொண்டு கல்லாவுக்குப் போய்விட்டார். வெளியே கூட்டம் காத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பெட்டியை என்ன செய்தோம் என்று நிவேதா பல நாள் கேட்டாள். விற்க முடியாது, யாரும் சமைக்கவும் முடியாது. நான் பூண்டை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த லீவில் வடகவுஞ்சி போனபோது என் தம்பியிடம் கொடுத்தேன். விதைப் பூண்டோடு சேர்த்து மண்ணில் போட்டுவிட்டான். காலுறை ஷமீமாவிடம் இருக்கிறது.

அந்த வாரமே தங்க ஸ்டிக்கர் முழுவதையும் அவர் எடுத்துவிட்டார். போர்டையும் கழற்றினார். வார்த்தை தப்பில்லை, ஒட்டின இடம்தான் தப்பு என்றார். சட்டையை வாஷபிள் என்றால் அது சட்டையோடு முடிந்துபோகிற சங்கதி. யார் துவைத்தாலும் ஒன்றுதான். கிஃப்டபிள் அப்படி இல்லை. கொடுக்கிறவர் ஒருவர், வாங்குகிறவர் ஒருவர், இருவருக்கும் நடுவில் ஒரு நேரம் என்று மூன்றும் தெரிந்த பிறகுதான் அந்த வார்த்தையைச் சொல்லவே முடியும். பூண்டு ஒரு நாள் அந்த வார்த்தைக்குப் பொருத்தமாக இருந்தது. மறுநாள் அதே பூண்டைக் கையில் வைத்திருக்க முடியவில்லை. அதனால்தான் உங்களை "யாருக்குங்க?" என்று கேட்கச் சொல்கிறோம். கேட்டதும் பதில் வரவில்லை என்றால் இன்னொரு தரம் கேட்காதீர்கள். நாற்காலியைப் போட்டுவிட்டு, பக்கத்தில் இருங்கள்.

சொல்ல வந்ததில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

மழை முடிந்து பனி தொடங்கும் நாட்களில் கடையில் ஈ ஓட்டுவோம் இல்லையா, அப்படி ஒரு காலையில் தங்கராசுவின் ஜீப் வாசலில் நின்றது. அவரோடு ஒரு பெண் இறங்கினாள். ஒல்லியாக, தோளைச் சுற்றி அண்ணனுடைய ஸ்வெட்டரைப் போர்த்திக்கொண்டு இருந்தாள். உள்ளே வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். நிவேதா வழக்கம்போல ஆரம்பித்தாள்.

"வாங்கக்கா. யாருக்கு வேணும்?"

"வாங்க வரல. ஷமீமாக்கா யாருங்க?"

ஷமீமா கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். அவள் தங்கராசுவின் தங்கை சுகன்யா என்று யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. சுகன்யா ஸ்வெட்டருக்குள்ளிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தாள். நெருக்கமாகக் கட்டிய ஒரு பந்து மல்லிகைச் சரம்.

"நானே கட்டினேன்க்கா. இது தொடுத்தது" என்றாள். "தலைக்கு."

வாசனை ஒத்துக்காது என்று சொல்லப் போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஷமீமா முக்காட்டைத் தோளுக்குத் தள்ளிவிட்டு, திரும்பி நின்று, அவள் கைக்கு எட்டும்படி கொஞ்சம் குனிந்தார். சுகன்யா தன் தலையிலிருந்த ஹேர்பின் ஒன்றை உருவி, அந்தப் பூவை அவருக்கு வைத்துவிட்டாள்.

கடை சாத்தும்வரை அது அவர் தலையில்தான் இருந்தது.